தொலைக்குறி றைபிளும் அதன் உறுப்புத் தேர்வும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிக்குச் செல்வோர் வாவியைக் கடக்கும் பழைய இரும்புப் பாலத்தை நன்கறிவர். 1924 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்று, அக்காலத் தேசாதிபதி மனிங் என்பாரின் துணைவியார் பெயரால் வழங்கிய அப்பாலம் ஏறத்தாழ 288 மீற்றர் நீளமுடையது. அத்தகைய பாலங்கள் மூன்றனை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் வரும் நீளத்தினும் சற்று மிகுந்தது ஆயிரம் யார் என்னும் தொலைவு. அத்தொலைவுக்கு அப்பால் ஓர் உணவுத் தட்டினை நிறுத்தி வைத்தால், கூரிய கண்ணுடையார்க்கும் அது ஒரு புள்ளி போலவே தோன்றும். அவ்வளவு சிறிய குறியை, அவ்வளவு தொலைவிலிருந்து, ஒருமுறையன்று, அடுத்தடுத்துப் பதினைந்து இருபது முறை தவறாது தொடுதலே தொலைக்குறிச் சூட்டுப் போட்டியின் நோக்கமாகும்.

இவ்விளையாட்டுக்கு வேண்டிய றைபிளைக் கடையில் நிறுத்தி வைத்தபடியே வாங்குவோரும் உளர். எனினும், போட்டியில் முன்னிற்போர் பலர் குழலை ஓரிடத்திலும், பூட்டுப்பொறியை வேறோரிடத்திலும், கட்டையை மற்றோரிடத்திலும் தேர்ந்து, தேர்ச்சி பெற்ற துவக்குக் கம்மியரைக் கொண்டு ஒன்றுசேர்ப்பிப்பர். எதனை முதலிற் தேர்வது, எதற்குப் பொருள் செலவிடுவது, எதனை எளியதாக விட்டுவிடலாம் என்னும் வினாக்கள் அப்போது எழுகின்றன. பெரிய துவக்கே தொலைவிற் சுடும், வலிய மருந்தே குறியைத் தொடும் என்பது பொதுமக்கள் எண்ணம். உண்மை அதற்கு மாறானது. தொலைக்குறி றைபிளுக்கு வேண்டுவது வலிமையன்று, ஒருமையாகும். முதற் சூட்டில் நிகழ்ந்தது எதுவோ, அதுவே இருபதாவது சூட்டிலும் நிகழ்தல் வேண்டும். உறுப்புத் தேர்வு முழுவதும் இவ்வொரு விதியினின்றே பிறப்பதாகும்.

வலிமைக்கென்று செய்யப்பட்ட துவக்கு எத்தகையது என்பதைக் கிழக்கிலங்கையின் காடுகள் முன்னரே கண்டுள்ளன. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1840களின் நடுப்பகுதி தொடங்கி 1855 வரை இலங்கையில் வாழ்ந்தவர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ் பெற்றவரும் அவரே. நுவரெலியாவில் குடியிருந்த அவர், பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட புல்வெளிகளிலும் காடுகளிலும் யானை வேட்டையாடித் திரிந்தார். அவர் கையாண்ட துவக்குகளுள் ஒன்று, 1840 ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் கம்மியரிடம் அவர் தாமே அளவு சொல்லிச் செய்வித்தது. அதன் நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். கூர்முனைக் குண்டின் நிறை 4 அவுன்சு. ஒருமுறை இடும் வெடிமருந்து 16 திராம், அதாவது ஓர் அவுன்சு.

அஃது அந்நாளில் அரிய துவக்கே. ஆயின் அதன் தேவை யாது? அடர்ந்த காட்டில், சில பத்து அடித் தொலைவில், எதிர்த்து வரும் பேருருவைத் தடுத்து நிறுத்துதல். அதற்குப் பாரமான குண்டும் பேரளவு மருந்தும் வேண்டியிருந்தன. அவற்றைத் தாங்கக் கனத்த குழலும் வேண்டியிருந்தது. நோக்கம் முதலில் நின்றது. உறுப்புக்கள் அதன்பின் வந்தன. அத்துவக்கினால் மாண்ட விலங்குகளை எண்ணி இன்றைய உள்ளம் வருந்தும். எனினும் தேர்வின் முறைமை என்றவகையில் அதிலே கற்கத்தக்கது ஒன்றுண்டு. செய்யவேண்டிய வேலையை முதலில் வரையறுத்துக்கொள்ளாதவன் எந்த உறுப்பையும் நன்கு தேர மாட்டான் என்பதே அது.

தொலைவையும் நுண்மையையும் நோக்கமாகக் கொண்டு துவக்கை ஆராய்ந்தவர் மஞ்செஸ்ற்றர் நகரத்துப் பொறியியலறிஞர் யோசேப் விற்வேத். 1850களில் பிரித்தானிய அரசு வேண்டியபடி அவர் 500 யார் நீளமான மூடிய கூடமொன்றை அமைத்துச் சோதனைகள் நடத்தினார். கூடத்தை மூடியதன் காரணம், காற்றின் குழப்பத்தை நீக்கித் துவக்கின் குணத்தை மட்டும் காண்பதற்கேயாம். அந்நாட் படையின் என்பீல்ட் துவக்கு 0.577 அங்குல வாயுடையது. அதன் குழலினுள்ளே குண்டு ஒருமுறை சுழல 78 அங்குலம் சென்றது. விற்வேத் வாயை 0.451 அங்குலமாகக் குறுக்கினார், குண்டை நீளமாக்கினார், 20 அங்குலத்துக்கு ஒருமுறை சுழலச் செய்தார். 1857 ஆம் ஆண்டுச் சோதனையில் அவருடைய துவக்கு பழையதனை வெகுதொலைவு விஞ்சியது. 1860 யூலை 2 ஆம் நாள் விம்பிள்டன் திடலில் தேசிய றைபிள் சங்கத்தின் முதற் போட்டியைத் தொடக்கிவைத்த விக்ரோறியா மகாராணியார், தாங்கியிற் பொருத்திய விற்வேத் றைபிளின் விசையை இழுத்தார். 400 யார் அப்பால் இருந்த இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டு பதிந்தது. குண்டின் நீளமும் சுழற்சியும் ஒன்றற்கொன்று இயைதல் வேண்டும் என்னும் பாடம் அன்று உலகறிந்ததாயிற்று.

இன்றைய போட்டியாளர் முதலில் நோக்கவேண்டியது தாம் புகவிருக்கும் போட்டியின் விதிகளையே. இருவகைப் போட்டிகள் சிறப்பாக வழங்குகின்றன. ஒன்று, வார்ப்பட்டையைக் கையிற் சுற்றிக் குப்புறப் படுத்து, சிறு துளை வழியே வெறுங்கண்ணாற் குறிபார்க்கும் பழைய முறை. இலண்டனுக்கு அணித்தான பிஸ்லித் திடலில் 1890 தொடங்கி நடந்துவரும் இம்முறை, பொதுநலவாய நாடுகளிலெல்லாம் பரவியது. கோல்காப்பூர் அரசின் பெயரால் 1871 ஆம் ஆண்டில் ஏற்பட்ட கிண்ணத்துக்காக இன்றும் பல நாட்டு அணிகள் அங்கே மோதுகின்றன. மற்றொன்று, துவக்கைத் தாங்கியின்மீது வைத்துத் தொலைநோக்கியாற் குறிபார்க்கும் ‘எப்’ வகுப்பு. கண்ணும் தோளும் தளர்ந்த முதுமையிலும் விளையாட்டைக் கைவிட மனமில்லாத பார்க்கர்சன் என்னும் கனடா நாட்டவர் முயற்சியாற் பிறந்தமையால், அவர் பெயரின் முதலெழுத்தே அவ்வகுப்புக்குப் பெயராயிற்று.

இவ்வகுப்பின் ஒரு பிரிவில் துவக்கின் நிறை, தாங்குகாலும் தொலைநோக்கியும் உட்பட, 8.25 கிலோகிராமை விஞ்சலாகாது. தோட்டாவும் இரண்டு வகைகளுள் ஒன்றாதல் வேண்டும். மற்றைப் பிரிவில் 10 கிலோகிராம் வரை இடமுண்டு. தோட்டா வகையிலும் உரிமை மிகுதி. விதியைப் படியாது உறுப்பு வாங்கியவர், அழகிய குழலொன்றை வாங்கிவிட்டு நிறைகூடிற்று என்று பின்னர்க் கடைந்து குறைக்க நேர்வதுண்டு.

விதி தெளிந்தபின் தேர்வு எங்கே தொடங்குதல் வேண்டும்? பலரும் பூட்டுப்பொறியிலிருந்தோ கட்டையிலிருந்தோ தொடங்குவர். தேர்ந்தோர் குண்டிலிருந்து தொடங்குவர். ஏனெனில், இலக்கை அடைவது குண்டு ஒன்றே. ஏனைய உறுப்புக்கள் யாவும் அக்குண்டை வழியனுப்புவனவேயாம். போட்டிகளிற் பெரிதும் வழங்கும் .308 வின்செஸ்ற்றர் என்னும் தோட்டா 1952 இல் வெளிவந்தது. அதில் வழக்கமாக இடப்படும் 155 கிரெயின் குண்டு ஏறத்தாழப் பத்துக் கிராம் நிறையுடையது. நீண்ட குழலிலிருந்து செக்கனுக்கு 900 மீற்றர் அளவான வேகத்தோடு அது புறப்படும். ஆயிரம் யார் செல்ல ஏறத்தாழ ஒன்றரைச் செக்கனாகும். அதற்கிடையில், குழல் நோக்கிய நேர்கோட்டிலிருந்து பத்து மீற்றர் அளவுக்குத் தாழ்ந்துவிடும். மூன்று மாடிக் கட்டடமொன்றின் உயரம் அது. மணிக்கு 16 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று குறுக்கே வீசினால், குண்டு இரண்டு மீற்றருக்கு மேல் ஒதுங்கும்.

ஆகவே குண்டு காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவுடையதாதல் வேண்டும். ஒரே வாயளவுள்ள குண்டுகளில் நீண்டதும் கூரியதும் பின்புறம் சிறுத்ததுமான குண்டு வேகத்தைக் குறைவாக இழக்கும். குண்டு இலக்கை அடையுமுன் ஒலியின் வேகத்துக்குத் தாழ்ந்துவிட்டால் அதன் போக்குத் தடுமாறும். எனவே கடைசி யார்வரையும் ஒலியை முந்தும் குண்டையும் மருந்தையும் தேர்தல் முறை. இரண்டாவது பிரிவில் ஆறரை, ஏழு மில்லிமீற்றர் வாயுள்ள மெலிந்த நீண்ட குண்டுகள் விரும்பப்படுவது இதனாலேதான். அவை காற்றுக்குக் குறைவாக ஒதுங்கும். ஆயின் அவற்றிற் சில மிகுந்த வெப்பத்தால் குழலை விரைவில் அரித்துவிடும். .308 குழலொன்று 3000 முதல் 5000 சூடு வரை நுண்மை குன்றாதிருக்கக்கூடும். மிகுமருந்துத் தோட்டாக்கள் சில 1000, 1500 சூட்டிலேயே குழலைத் தேய்த்துவிடுகின்றன. காற்றில் இலாபம், குழலில் நட்டம் என்பதை எண்ணியே அவற்றைத் தேர்தல் வேண்டும்.

குண்டு முடிவானதும் சுழற்சி முடிவாகிறது. வேகமாகச் சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்பதையும், தளர்ந்தபின் தலைசாய்வதையும் சிறுவரும் அறிவர். குழலினுள்ளே வெட்டப்பட்ட சுருள் தவாளிப்புக்களே குண்டைப் பம்பரமாக்குகின்றன. வூலிச் நகரில் பீரங்கிப் படையினர்க்குக் கணிதம் கற்பித்த கிறீன்ஹில் என்னும் அறிஞர் 1879 இல் இதற்கோர் எளிய சூத்திரம் கண்டார். குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150 ஆற் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுழற்சி வேண்டும் என்பது கிடைக்கும். விட்டம் 0.308 அங்குலமும் நீளம் 1.13 அங்குலமும் உடைய குண்டுக்கு அவ்வாறு கணித்தால் விடை ஏறத்தாழ 12½ அங்குலம். இக்குண்டுகளுக்குப் போட்டியாளர் 13 அங்குலச் சுழற்சியுள்ள குழல்களையே நெடுங்காலம் விரும்பி வந்தமை இக்கணக்கோடு ஒத்துச் செல்கிறது. நீளம் 1.35 அங்குலமானால் விடை 10½ ஆகக் குறைகிறது. குண்டைத் தேராமலே குழலை வாங்குதல், காலை அளவாமற் செருப்பு வாங்குதல் போன்றதாம்.

இனிக் குழல். பொருட்செலவில் முதலிடம் பெறவேண்டிய உறுப்பு இதுவே. குழல்கள் பெரும்பாலும் துருப்பிடியாத உருக்கினாலோ, குரோமியம் கலந்த உருக்கினாலோ செய்யப்படுகின்றன. தவாளிப்பை ஒவ்வொன்றாகச் சீவியெடுப்பது ஒருமுறை. கடினமான குமிழொன்றை உள்ளே செலுத்தி அழுத்தி உண்டாக்குவது மற்றொருமுறை. உள்ளச்சொன்றைச் சுற்றிச் சம்மட்டிகளால் அடித்து உருவாக்குவது மூன்றாவது. முதலிரு முறைகளிலும் உலகப்புகழ் பெற்ற போட்டிக் குழல்கள் உண்டு. முறையினும் பெரிது, குழலின் வாயளவு தொடக்கம் முதல் இறுதிவரை மயிரிழையும் மாறாதிருத்தலே. நல்ல கம்மியர் குழலின் உட்புறத்தை ஈயக்கட்டியாலும் மெருகுத் தூளாலும் தேய்த்து ஒப்பரவாக்குவர். குழலின் நீளம் போட்டிகளில் 30 அங்குலம் அளவாக இருப்பது வழக்கம். நீளம் கூடும்போது ஒவ்வோர் அங்குலத்துக்கும் வேகம் சற்றுக் கூடும், நிறையும் கூடும். கனத்த குழல் மெல்லச் சூடேறும், குறைவாக அதிரும்.

குழலின் வாய்விளிம்பு தனிக் கவனத்துக்குரியது. குண்டைக் கடைசியாகத் தொடுவது அதுவே. அங்கே ஒரு புறம் மட்டும் சிறு வடு இருந்தால், பின்னாலிருந்து பீறிவரும் வாயு அவ்வழியே முந்திக் கசிந்து குண்டை ஒருபுறம் தள்ளும். அதுபோலவே, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை குழலின் அச்சோடு ஒரே கோட்டில் இருத்தல் வேண்டும். அந்த அறையின் ஆழம் மிகினும் குறையினும் நுண்மை கெடுவதோடு சுடுவோரின் முகத்துக்கும் கண்ணுக்கும் ஆபத்துண்டு. ஆகையால் குழலைப் பொருத்துதலும் அறையைக் கடைதலும் அளவுக்கருவிகளைக் கையாளத் தெரிந்த, உரிமம் பெற்ற கம்மியரின் வேலையேயன்றி, ஆர்வலர் வீட்டில் முயன்று பார்க்கும் வேலையன்று.

பூட்டுப்பொறியின் கடமை தோட்டாவை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில் அடைத்து நிறுத்துவது. அதன் தாழில் உள்ள பற்கள் இரண்டும் சமமாகத் தாங்க வேண்டும். ஒரு பல் மட்டும் தாங்கினால், வெடிக்கும் கணத்தில் பொறி ஒருபுறம் வளையும். குழலும் அதனோடு அசையும். பொறியின் உடல் வளையாத திண்மையுடையதாதல் நலம். பல தோட்டாக்களைக் கொள்ளும் பெட்டிக்காக அடிப்புறம் திறந்துவிடப்பட்ட பொறியைவிட, ஒரு நேரத்தில் ஒரு தோட்டாவையே ஏற்கும் மூடிய பொறி திண்ணியது. விசைவில்லை இழுத்ததற்கும் ஊசி தோட்டாவைத் தாக்குவதற்கும் இடைப்பட்ட நேரம் குறுகியிருத்தல் வேண்டும். அந்நேரம் நீண்டால் மூச்சும் நாடித்துடிப்பும் குறியை நகர்த்திவிடும். விசைவில் மென்மையாயிருத்தலினும், நாள்தோறும் மாறாத ஒரே பாரத்தில் நழுவுதலே சிறப்பு. அப்பாரம் எவ்வளவுக்குக் குறையலாகாது என்பதையும் போட்டிவிதி சொல்லும்.

கட்டையைப் பொறுத்தவரை கண்ணுக்கினியது வேறு, கருமத்துக்கினியது வேறு. பழைய கட்டைகள் வாதுமை இனத்து மரங்களிற் செய்யப்பட்டன. மரம் ஈரத்தை உண்டு பருக்கும். வெயிலில் வற்றிச் சுருங்கும். மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் மாரிகாலத்தில் கதவுகள் நிலையோடு இறுகுவதையும், கச்சான் வீசும் மாதங்களில் அவை தளர்வதையும் காணாதார் இல்லை. அவ்வாறே கட்டையும் அசைந்து குழலை நெருக்குமாயின், சென்ற மாதம் நடுவிற் பட்ட குண்டு இம்மாதம் ஒருபுறம் படும். இதனைத் தவிர்க்க, மெல்லிய பலகைகளைப் பசையிட்டு ஒட்டிய கட்டைகளும், கண்ணாடி இழைக் கட்டைகளும், அலுமினியச் சட்டங்களும் வந்துள்ளன. பூட்டுப்பொறி கட்டையில் அமரும் இடத்தில் அலுமினியத் தூண்களை நட்டு, இறுகும் பசையை வார்த்து, பொறியின் உருவம் அப்படியே பதியுமாறு செய்வர். குழல் மட்டும் எங்கும் தொடாது தனித்து நிற்கும். ஒரு தாளை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே தடையின்றி இழுக்க முடிகிறதா என்று பார்த்தல் எளிய சோதனை.

குழலை ஏன் தொடாது விடவேண்டும் என்பதை யாழைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். காரைதீவிற் பிறந்து, கல்லடி உப்போடையில் கல்விப்பணி ஆற்றிய விபுலாநந்த அடிகளார் 1947 இல் வெளியிட்ட யாழ் நூலில், நரம்பின் நீளத்துக்கும் அது எழுப்பும் சுரத்துக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டுக் காட்டினார். நரம்பின்மேல் விரல் சற்றே பட்டாலும் சுரம் மாறும். வெடிக்கும் கணத்தில் குழலும் நரம்பு போலவே அதிர்கிறது. அதன் அதிர்வை நிறுத்த இயலாது. ஒவ்வொரு முறையும் ஒரேவிதமாக அதிரும்படி விடவே இயலும்.

குறிநோக்கும் கருவியைத் தேர்வதற்குக் கோண அளவு துணைசெய்யும். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்காகிய ‘கலை’ 100 யாரில் ஏறத்தாழ ஓர் அங்குலமும், 1000 யாரில் ஏறத்தாழப் பத்தரை அங்குலமும் ஆகும். நல்ல கருவியின் திருகு ஒவ்வொரு சொடுக்குக்கும் கால் கலை நகரும். 100 யாரில் குறிசரிசெய்த .308 துவக்கை 1000 யாருக்கு உயர்த்த ஏறத்தாழ 35 கலை வேண்டும். தொலைநோக்கியின் திருகு அவ்வளவு தூரம் திரும்பாது போகலாம்; ஆதலால் 20 கலை சாய்வுள்ள அடித்தட்டைப் பொருத்துவர். உருப்பெருக்கத்தைவிட, திருகைப் பத்துக் கலை மேலேற்றி மீண்டும் பத்துக் கலை இறக்கினால் பழைய இடத்துக்கே வருகிறதா என்பது முதன்மையான சோதனை. வராத கருவி எத்துணை விலையுடையதாயினும் பயனற்றது. அதனைத் தாங்கும் வளையங்கள் நெகிழுமாயினும் நிலை அதுவே.

உறுப்புக்கள் அனைத்தும் செவ்வனே அமைந்தபின்னும், தோட்டாவின் ஒருமை இன்றேல் யாவும் வீணாம். புறப்படு வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால், ஆயிரம் யாரில் குண்டு ஏறத்தாழ எட்டு அங்குலம் தாழ்ந்து படும். எனவே மருந்தின் நிறை, உறையின் கழுத்து இறுக்கம், குண்டு பதியும் ஆழம் ஆகிய மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும். வெப்பமும் இங்கே கவனிக்கத்தக்கது. நண்பகல் வெயிலிற் கிடந்த தோட்டாவின் மருந்து விரைந்து எரியும்; நிழலில் இருந்தது அவ்வாறன்று. தியத்தலாவை போன்ற உயர்நிலத்தில் காற்று மெலிந்தது. வாவிக்கரையில், கடல்மட்டத்தில், அடர்ந்தது. மலையிற் குறிசரிசெய்த துவக்கு கரையில் தாழச் சுடும். உப்புக்காற்று உருக்கையும் விடாது. சுட்டபின் துடைத்து எண்ணெய் பூசாத குழல் சில நாட்களிலேயே துருவேறும். துருப்பிடியாத உருக்கு எனப் பெயர்பெற்றதும் உப்பின்முன் முற்றும் காவலுடையதன்று.

பொருள் செலவிடும் முறையை இவ்வாறு தொகுக்கலாம். முதலில் நல்ல குழல். அதனைப் பொருத்தும் கம்மியர்க்கு உரிய கூலி. பின்னர்த் திரும்பத்திரும்ப ஓரிடத்துக்கு வரும் குறிநோக்கி. அதன்பின் பயிற்சிக்கு வேண்டிய தோட்டா. பூட்டுப்பொறி திண்ணியதாயின் போதும். கட்டை அசையாததாயின் போதும். சித்திர வேலையும் மெருகும் கடைசியில் வருக. துவக்குக்கே பணம் முழுவதையும் செலவிட்டு, பயிற்சிக்குத் தோட்டா வாங்க இயலாதவர், அரைவிலைத் துவக்கோடு ஆயிரம் முறை பயின்றவரிடம் தோற்பது போட்டிகளில் வழக்கமான காட்சி.

இவற்றையெல்லாம் விலைகொடுத்து வாங்கலாம். வாங்க முடியாதது ஒன்றுண்டு; அது காற்றை அறியும் அறிவு. மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் வேகமே உள்ள, முகத்திற் படுவதும் அரிதான மென்காற்று, ஆயிரம் யாரில் .308 குண்டை ஏறத்தாழ ஒன்பது அங்குலம் ஒதுக்கிவிடும். சுடுகளத்தில் கொடிகள் நாட்டுவர். வெயிலில் நிலத்தின்மேல் நெளியும் கானலின் சாய்வைத் தொலைநோக்கியால் நோக்குவர். வாவியில் தோணி வலிக்கும் மீனவர் வாடையையும் கச்சானையும் நீரின் சுருக்கங் கொண்டே வேறுபிரித்தறிவர். அருகே ஒருவிதமாகவும் நடுவாவியில் வேறுவிதமாகவும் காற்று வீசுவதை நீரின் நிறம் அவர்க்குச் சொல்லும். சிறந்த குறிச்சூட்டாளர் கற்றுக்கொள்ளும் கல்வியும் அதுவே.

வாவியை இங்கே அளவுகோலாகக் கூறியது தொலைவை உணர்த்துதற்கேயாம், சுடுகளமாகக் கொள்ளுதற்கன்று. இக்குண்டு ஆயிரம் யாரில் நின்றுவிடுவதில்லை. தடுப்பாரின்றேல் மூன்று நான்கு கிலோமீற்றர் வரையும் செல்லவல்லது. நீரின் மேற்பரப்பிற் பட்டால் தவளைக்கல் போலத் துள்ளி எத்திசையும் செல்லும். வாவியிலோ இரவும் பகலும் தோணிகள் உள. உயர்ந்த மண்மேடும், கட்டளையிடும் அலுவலரும் உள்ள அங்கீகாரம் பெற்ற சுடுகளமன்றி வேறெங்கும் இவ்விளையாட்டுக்கு இடமில்லை. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் உரிமமின்றித் துவக்கு வைத்திருத்தலையும் செய்தலையும் தடைசெய்கிறது. உறுப்பு எதனையும் வரவழைக்குமுன் அந்த உரிமமே முதலிற் பெறற்பாலது.

1983 முதல் 2009 வரை நீண்ட போரைக் கண்ட மட்டக்களப்பு மக்களுக்குத் துவக்கு என்னும் சொல் துயரத்தையே நினைப்பூட்டும். அத்துயரம் எளிதில் ஆறுவதன்று. துவக்கின் ஒலியை விளையாட்டாகவும் கேட்க விரும்பாத முதியோர் உளராயின், அவரைக் குறைகூறுதல் தகாது. ஆயினும் குறிச்சூட்டு விளையாட்டின் உள்ளியல்பு போருக்கு நேர்மாறானது. அங்கே எதிரி இல்லை. தாளில் வரைந்த வட்டமே உண்டு. கோபமுடையவன் கை நடுங்கும். நடுங்கும் கை குறியைத் தொடாது. வலிமையை நாடியவர் 21 இறாத்தல் துவக்கைச் செய்வித்தார். நுண்மையை நாடியவர் குண்டின் நீளத்தை அளந்தார். இவ்விரண்டற்கும் இடையிலுள்ள வேற்றுமையை உணர்ந்தவர்க்கே உறுப்புத் தேர்வு கைவரும். அளவறிந்து தெரிதலும், தெரிந்ததை மாறாது காத்தலும், மாறும் காற்றைப் பொறுமையோடு நோக்கியிருத்தலுமே தொலைக்குறி றைபிள் தன்னைக் கையாள்வோர்க்குக் கற்பிக்கும் கல்வியாகும்.